நன்றி சொன்ன வாய்

ஆற்றுத் தண்ணீர் கெட்டுப்போனதா இல்லையா என்று ஆலை வக்கீலின் அறையில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. வெர்னெல் மேக்குக்கு முதலில் அதுதான் விளங்கவில்லை. கெட்டதைக் கம்பெனியே ஒப்புக்கொண்டிருந்தது. கோழி ஆலை மாதாமாதம் தன் கழிவுநீரைத் தானே சோதித்துப் பார்த்து, இந்த மாதமும் அளவு தாண்டிவிட்டது என்று மாநில அரசுக்குத் தானே எழுதி அனுப்பும். மாநில அரசும், தயவுசெய்து தாண்டாதீர்கள் என்று பதில் எழுதிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ளும். இப்படி இரண்டு பேரும் வருடக்கணக்கில் கொஞ்சிக்கொண்டிருந்தார்கள். ஆறு மட்டும் நுரை தள்ளிக்கொண்டு ஓடியது.

அரசாங்கம் தூங்கினால் குடிமக்களே ஃபெடரல் கோர்ட்டில் வழக்குப் போட்டு ஆலைக்கு அபராதம் விதிக்க வைக்கலாம் என்று சட்டம் இருக்கிறது. எங்கள் ஊரில் மூன்று பேர் போட்டார்கள். ஆனால் அந்தச் சட்டத்துக்கு ஒரு வாசற்படி உண்டு. ஆறு கெட்டதால் உனக்கு என்ன நஷ்டம் என்று வழக்குப் போட்டவர் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஆலை என்ன செய்தது என்ற பேச்சே எடுக்காமல் நீதிபதி வாசலோடு அனுப்பிவிடுவார். ஆற்றுக்கு வந்த நஷ்டத்தைப் பற்றிக் கவலையில்லையாம். இது எந்த ஊர் நியாயமோ தெரியவில்லை, எங்கள் நாட்டு நியாயம் இதுதான்.

மூன்று பேரில் இரண்டு பேர் சீக்கிரமே பின்வாங்கிவிட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகள் ஆலையில் கோழி வெட்டுகிறார்கள், அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. மிஞ்சியவள் வெர்னெல். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள், ஐம்பத்தாறு வயது. மவுண்ட் நீபோ பாப்டிஸ்ட் சபையில் ஞாயிறுதோறும் எழுந்து நின்று, அறிவிப்புகளையும் நன்றிகளையும் சொல்கிறவளும் அவள்தான்.

ஆலையின் வக்கீல் விட்டேக்கர் பார்வைக்கு நல்ல மனிதர். காப்பி வேண்டுமா, குளிர்கிறதா என்றெல்லாம் விசாரித்தார். கோர்ட் விசாரணைக்கு முன் வாக்குமூலம் எடுக்கும் வழக்கப்படி அவளிடம் சத்தியம் வாங்கி, சொல்வதையெல்லாம் தட்டச்சு செய்ய ஒரு பெண்ணை மூலையில் உட்கார வைத்திருந்தார். வெர்னெலுக்குப் பக்கத்தில் அவளுடைய வக்கீல் டாலியா ப்ரென்னர், அட்லாண்டாவிலிருந்து இரண்டு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு வந்த இளம்பெண். வெர்னெல் தன் நஷ்டத்தைச் சொன்னாள். எங்கள் சபை தலைமுறை தலைமுறையாக டில்மன் ஆற்றில்தான் ஞானஸ்நானம் கொடுத்துவந்தது. நுரையும் நாற்றமும் வந்து, முழுகி எழுந்த பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் கொப்புளம் வந்த பிறகு நிறுத்திவிட்டோம். இதுதான் என் நஷ்டம் என்றாள். விட்டேக்கர் மிகுந்த மரியாதையோடு தலையாட்டிக் கேட்டார். அப்புறம் தன் கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினார்.

திரையில் பதினோரு வருடம் இளைய வெர்னெல், ஊதா நிறத் தொப்பியில், பிரசங்க மேடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் புத்தம் புதிய ஞானஸ்நானத் தொட்டி, வெந்நீர்க் குழாயோடு, கைப்பிடியோடு. பிள்ளைகளுக்குக் கொப்புளம் வந்த மறு வசந்தத்தில் கோழி ஆலை சபைக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது அது. திரையிலிருந்த வெர்னெல் சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"ஆலைக்காரங்களுக்கு நம்ம சபையோட நன்றி. இனிமே நாம ஆத்துக்கு எறங்க வேண்டியதே இல்ல. சேறு இல்ல, பாம்பு இல்ல, பாஸ்டருக்கு முட்டிவலி இல்ல. அந்த ஆறு நமக்கு ஒழைச்சது போதும், பாவம், அதுக்கும் ஓய்வு குடுப்போம்."

சபையார் சிரித்து ஆமென் சொல்வதோடு படம் நின்றது.

"இது நீங்கதானே மேடம்?"

"நாந்தான்."

"அப்ப ஆத்துக்குப் போறத நிறுத்தினது தொட்டி வந்ததாலதான். நீங்களே சந்தோஷமா சொல்றீங்க. இதுல உங்களுக்கு நஷ்டம் எங்க இருக்கு?"

எங்கள் சபையில் நன்றி சொல்வது எப்படி என்று அந்த மனிதருக்கு யார் சொல்வது? யாராவது ஒரு மூட்டை சர்க்கரைவள்ளிக் கிழங்கு கொடுத்தால்கூட, இனி இந்த ஊரில் பசி என்ற பேச்சே இல்லை என்று வெர்னெல் சொல்வாள். விசிறி கொடுத்தவரைப் பார்த்து, நரகத்தின் சூடுகூட இனி எங்களை ஒன்றும் செய்யாது என்பாள். கொடுத்தவர் மனம் குளிர வேண்டும், கேட்டவர்கள் சிரிக்க வேண்டும். அது வழக்கம், மரியாதை. அதைச் சத்தியவாக்காக எடுத்துக்கொண்டு கோர்ட்டில் வைப்பார்கள் என்று யார் கண்டது? ஆற்றைக் கெடுத்தவன் தொட்டி கொடுத்தான், தொட்டி கொடுத்தவனுக்கு நன்றி சொன்னோம், நன்றி சொன்னதால் ஆறு கெட்டதைக் கேட்க உனக்கு வாயில்லை என்கிறான். இதைவிட வயிற்றெரிச்சல் உண்டா?

வெர்னெல் இதையெல்லாம் சொல்ல முயன்றாள். நன்றி மனதிலிருந்து சொன்னதுதானே, பொய்யில்லையே என்று விட்டேக்கர் இடைமறித்தார். சபையில் பொய் சொன்னேன் என்று எப்படிச் சொல்வாள்?

அவளுக்கு வியர்த்துவிட்டது. வியர்த்தால் வெர்னெலுக்கு வேடிக்கைப் பேச்சு வரும், சின்ன வயதிலிருந்தே அப்படி. ஆறு கெட்டுவிட்டது என்பதற்காக ஞானஸ்நானமே எடுக்காமல் இருக்கிறவர் உங்கள் சபையில் யாராவது உண்டா என்று விட்டேக்கர் கேட்டபோது, அவள் யோசிக்காமல் சொல்லிவிட்டாள்.

"எங்க வீட்டுக்காரர் ஒருத்தர் இருக்கார். ஆத்துலதான் முழுகுவேன், இல்லேன்னா முழுகவே மாட்டேன்னு பதினோரு வருஷமா சொல்லிட்டிருக்கார். அதெல்லாம் சாக்கு சார். ஞாயித்துக்கிழமை தூங்குறதுக்கு ஒரு சாக்கு."

மூலையிலிருந்த பெண் சிரித்தபடியே அதையும் தட்டினாள். விட்டேக்கரும் சிரித்தார். டாலியா மட்டும் சிரிக்கவில்லை.

கார் நிறுத்துமிடத்தில் டாலியா அதட்டவில்லை, கோபப்படவில்லை. அதுதான் வெர்னெலுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. வெர்னெலின் நஷ்டம் இனி கோர்ட்டில் நிற்காது என்று டாலியா சொன்னாள். நிற்கக்கூடியது ஒன்றே ஒன்று இருந்தது: ஆற்றுக்காகவே காத்திருக்கிற, இப்போதுகூட வழக்கில் சேர்த்துக்கொள்ளக்கூடிய ஒரு மனிதர். அவருடைய நஷ்டத்தைத்தான் சொந்த மனைவியே சத்தியம் செய்து சாக்கு என்று சொல்லிவிட்டாளே. விசாரணை அடுத்த மாதம். வாசற்படி தாண்டாவிட்டால் ஆலை ஒரு காசு கட்டாது, கழிவுக் குழாயையும் மூடாது.

வீட்டுக்கு வந்தபோது ரூஃபஸ் டயர் கடையிலிருந்து வந்து, கை கழுவிவிட்டு, கீரையும் சோள ரொட்டியும் சூடு பண்ணி வைத்திருந்தான். ரூஃபஸ் மேக் அதிகம் பேசாதவன், பெரிய உடம்பு. ஊரெல்லாம் அவனைப் பற்றிக் கேலி பேசும்: சபைப் பெரியவர்களான டீக்கன்மாரின் காரையெல்லாம் பழுது பார்ப்பான், சபைக் கூரையில் ஏறி ஓடு மாற்றுவான், ஞானஸ்நானம் என்றால் மட்டும் பின்வாசல் வழியாகப் போய்விடுவான். கேலியை முதலில் தொடங்கியது வெர்னெல்தான்.

நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். கடைசியில் சொன்ன வேடிக்கையையும் சொன்னாள். ரூஃபஸ் ரொட்டியைத் தட்டில் வைத்தான்.

"சாக்குன்னா சொன்ன?"

"வாய் தவறி வந்துடுச்சு ரூஃபஸ்."

"வாய் தவறல. பதினோரு வருஷமா நீ சொல்றதுதான். இன்னிக்கு டைப் பண்ண ஆள் வச்சிருந்தான், அவ்வளவுதான்."

எழுந்து படுக்கையறைக்குப் போனான். அலமாரியின் அடி இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது. அந்த இழுப்பறையில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். வருடக்கணக்காகத் தெரியும். வெள்ளைப் பேன்ட்டும் வெள்ளைச் சட்டையும், கடையில் வாங்கியபடியே, விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல். தன்னை அடக்கம் பண்ணும்போது போட மனிதன் இப்போதே வாங்கி வைத்திருக்கிறானே என்று நினைத்து, முதலில் பார்த்த அன்று அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டு, மடித்தபடியே உள்ளே வைத்தவள் அவள். அவனிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ரூஃபஸ் அதைச் சாப்பாட்டு மேஜையில் கொண்டுவந்து வைத்தான்.

"அந்த வருஷம் ஆகஸ்ட்டுக்கு வாங்கினேன். பாஸ்டர்கிட்ட மட்டும் சொன்னேன். நீ கரையில நின்னு பாட்டுப் பாடிட்டிருப்ப, நான் வரிசையில வந்து நிப்பேன், ஒனக்கு மூச்சு நின்னுடும்னு நெனச்சேன். அதுக்குள்ள நுரை வந்துடுச்சு. பிள்ளைங்களுக்குக் கொப்புளம் வந்துச்சு. சரி, அடுத்த வருஷம்னு இருந்தேன். அடுத்த வருஷம் தொட்டி வந்துச்சு."

"தொட்டியில எடுத்திருக்கலாமே."

"எப்படி எடுப்பேன்? எங்கப்பா முழுகின ஆத்த நாசம் பண்ணிட்டு, இந்தா இதுல முழுகுன்னு வாளி மாதிரி ஒண்ண நீட்டுறான். அதுல போய்த் தலைய குடுக்கவா? முழுகுறது கர்த்தருக்காக. அவனுக்காக இல்ல. அத ஒன்கிட்ட சொல்லலாம்னுதான் அன்னிக்கு சபைக்கு வந்தேன். நீ மைக்கு முன்னாடி நின்னு அவனுக்கு நன்றி சொல்லிட்டிருந்த. எல்லாரும் சிரிச்சிட்டிருந்தாங்க. திரும்பி வந்துட்டேன்."

வெர்னெலுக்கு முதலில் அவன்மேல்தான் கோபம் வந்தது. இத்தனை வருடம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டானே என்று. அப்புறம் தன்மேல் வந்தது. இரண்டும் அடங்கிய பிறகு எஞ்சி நின்றது ஆலையின்மேல் வந்த கோபம், அது அடங்கவில்லை. தண்ணீரைக் கெடுத்தது போதாதென்று, ஆலைக்காரன் புருஷன் மனைவிக்கு நடுவிலும் வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறான். அதற்கும் சேர்த்து அவள் வாயாலேயே நன்றி வாங்கியிருக்கிறான்.

"நீயும் வழக்குல சேந்து, இத கோர்ட்ல சொல்வியா?" என்று கேட்டாள்.

"நீ சாக்குன்னு சொன்னத அவன் வாசிச்சுக் காட்டுவானே."

"காட்டட்டும். நான் பக்கத்துல இருப்பேன்."

காட்டினார். விசாரணையன்று விட்டேக்கர் எடுத்த எடுப்பிலேயே அந்த வரிகளை வாசித்தார், வெர்னெல் எங்கே நிறுத்தினாளோ அங்கே நிறுத்தி, நாடகக்காரனைப் போல. கோர்ட்டில் வந்திருந்த எங்கள் ஊர்க்காரர்கள் சிலர் பழக்கதோஷத்தில் சிரித்தும்விட்டார்கள். சாட்சிக் கூண்டில் ரூஃபஸ் அசையாமல் உட்கார்ந்திருந்தான். இந்த வழக்கில் உங்களுக்கு எவ்வளவு பணம் கிடைக்கும் என்று விட்டேக்கர் கேட்டார். ஒன்றுமில்லை, அபராதம் முழுவதும் வாஷிங்டனில் அரசாங்கக் கஜானாவுக்குப் போகும் என்றான் ரூஃபஸ். அது அவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் கேட்டார், ஏதோ பணத்தாசை பிடித்தவர்கள் என்று ஒரு நிழல் விழட்டுமே என்று.

ஆற்றில் முழுக நினைத்ததாகச் சொல்வது இந்த வழக்குக்காக இப்போது செய்த கற்பனையா என்றார் அடுத்து. டாலியா எழுந்து, வெள்ளைப் பேன்ட்டைச் சான்றாகக் கொடுத்தாள்.

விட்டேக்கர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "இது ஒரு பேன்ட். போன வாரம்கூட வாங்கியிருக்கலாம். இது என்னத்த நிரூபிக்குது, மிஸ்டர் மேக்?"

"விலைச்சீட்டுல இருக்கிற கடைய இடிச்சு ஒன்பது வருஷம் ஆச்சுங்க. அது கெடக்கட்டும்." ரூஃபஸ் நீதிபதி அம்மாவின் பக்கம் திரும்பி எழுந்து நின்றான். இரண்டு கையையும் வயிற்றுக்கு இரண்டு பக்கமும் விரித்துக் காட்டினான். "அதோட இடுப்பு முப்பத்தாறு. இத நீங்களே பாருங்கம்மா. போன வாரம் வாங்கினா இந்த அளவுலயா வாங்குவேன்? இதுக்குள்ள இப்ப என் ஒரு காலத்தான் நுழைக்க முடியும்."

கோர்ட் சிரித்தது. நீதிபதி அம்மாவும் காகிதத்தை முகத்துக்கு உயர்த்திக்கொண்டார். சிரிப்பு அடங்கியபோதும் ரூஃபஸ் உட்காரவில்லை.

"எம் பொண்டாட்டி அத சாக்குன்னு சொன்னா. அவளுக்குத் தெரியாது. இது என் சவத்துக்குன்னு நெனச்சு அழுதிருக்கா, இப்பத்தான் எங்கிட்ட சொன்னா. நான் முழுகுறதுக்கு வாங்கினேன். முழுகத்தான் இருந்தேன். இவங்க விடல."

இவ்வளவுதான் சொன்னான். நஷ்டம் உண்டு என்று நீதிபதி எழுதினார். பணத்தில் அளக்க முடியாததாலேயே ஒரு நஷ்டம் நஷ்டமில்லை என்று ஆகிவிடாது என்றும் எழுதினார். வாசற்படி தாண்டியாயிற்று. அதற்குப் பிறகு ஆலைக்குத் தப்ப வழியில்லை. குற்றத்தைத்தான் மாதாமாதம் தானே எழுதிக் கொடுத்திருந்ததே. பதினான்கு லட்சம் டாலர் அபராதம், ஒழுங்கான சுத்திகரிப்புத் தொட்டி கட்டி முடிக்கும்வரை உற்பத்தி பாதி என்று தீர்ப்பு வந்தது.

ஊர் உடனே வாயைத் திறந்தது. உனக்கு எவ்வளவு கிடைத்தது என்று மளிகைக் கடையில் கேட்டார்கள், பஸ் நிறுத்தத்தில் கேட்டார்கள். ஒரு காசு இல்லை என்றால் கண்ணடித்தார்கள். பழைய வண்டிக்கு வெர்னெல் புது டயர் போட்டபோது, புருஷன் டயர் கடையில் வேலை பார்க்கிறான் என்பதே எல்லாருக்கும் மறந்துபோயிற்று. பாதிச் சம்பளமான குடும்பங்கள் அவளைக் கண்டால் முகம் திருப்பின. அது அவளுக்கு உள்ளபடியே வலித்தது. இதில் கோபப்பட வேண்டியது யார்மேல் என்று அவர்களுக்கும் தெரியும், ஆனால் கிட்ட இருந்தவள் அவள்தானே.

இரண்டு கோடை கழித்து, ஆற்றங்கரையில் இருந்த எச்சரிக்கைப் பலகையைச் சுகாதாரத் துறை பிடுங்கியது. ஆகஸ்ட்டில் ஞானஸ்நானம் டில்மன் ஆற்றில் என்று பாஸ்டர் அறிவித்தார். முழுகுகிறவர்கள் நான்கு பேர். அதில் ரூஃபஸ் ஒருவன், புது வெள்ளைப் பேன்ட்டில், இடுப்பு நாற்பத்துநான்கு.

அன்று ஆற்றங்கரையில் சபையே கூடியிருந்தது. பாட்டு தொடங்குவதற்கு முன் ஆலையின் வேன் ஒன்று வந்து நின்றது. பளிச்சென்று சட்டை போட்ட ஒருவர் இறங்கி, பொரித்த கோழிப் பெட்டிகளை மேஜையில் அடுக்கினார். நூறு பேருக்குப் போதும். பக்கத்தில் கம்பெனி பெயர் போட்ட பதாகை ஒன்றையும் நட்டார்: நம் ஆறு, நம் மகிழ்ச்சி. அப்புறம் ஃபோனை எடுத்துப் படம் பிடிக்கத் தயாராகி, வெர்னெலைப் பார்த்துச் சிரித்தார். அவர் மட்டுமில்லை, எல்லாரும் அவளைத்தான் பார்த்தார்கள். யாராவது ஏதாவது கொடுத்தால் எழுந்து சொல்ல வேண்டியவள் அவள்தானே. கோழியின் வாசனை வேறு மூக்கைத் துளைத்தது, எல்லாருக்கும் பசி. பாஸ்டர் கண்ணாலேயே கெஞ்சினார்: சிஸ்டர் மேக், ரெண்டு வார்த்தை, பிரச்சினை வேண்டாம்.

வெர்னெல் முன்னால் வந்தாள். ஃபோன் நன்றாகத் தன் முகத்துக்கு நேராக இருக்கும்படி நகர்ந்து நின்றாள்.

"இந்தக் கோழிய யார் அனுப்பினாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். இந்த ஆத்த யார் கெடுத்தாங்கன்னும் தெரியும். இது சுத்தமானது அவங்க மனசால இல்ல. கோர்ட்டு அபராதம் போட்டதால. போன தடவ நான் நன்றி சொன்னேன், அதையே எனக்கு எதிரா கோர்ட்ல போட்டுக் காட்டினாங்க. இதையும் போட்டுக்கட்டும். தம்பி, நல்லா பிடிச்சுக்கிட்டீங்களா? இப்ப பெட்டிய எல்லாம் வேன்ல ஏத்துங்க."

ஒருவர்கூட ஆமென் சொல்லவில்லை. அப்புறம் முகம் திருப்பியவர்களில் ஒருத்தி, ஆலையில் இருபது வருடமாகக் கோழி வெட்டுகிறவள், போய் முதல் பெட்டியைத் தூக்கி வேனில் வைத்தாள். பின்னாலேயே இன்னொருவர் பதாகையைப் பிடுங்கினார். எங்கள் சபை அவ்வளவு நல்ல கோழியைத் திருப்பி அனுப்பியது அன்றுதான் முதல் தடவை, வயிறு திட்டிக்கொண்டேதான் இருந்தது.

பாட்டு எழுந்தது. பாஸ்டர் முட்டிவலியோடு சேற்றில் இறங்கினார். ரூஃபஸின் முறை வந்ததும் அந்தப் பெரிய உடம்பை டீக்கன்மார் இரண்டு பேர் தாங்கிப் பின்னால் சாய்த்தார்கள். முழுகியவன் எழுந்தபோது மூக்கிலும் வாயிலும் தண்ணீர் போய் இருமினான். வெர்னெலுக்குப் பழைய பயம் பற்றிக்கொண்டது. பாட்டை விட்டுவிட்டு, செருப்போடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டாள்.

"துப்பு ரூஃபஸ், துப்பு. முழுங்கிடாத."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாக்கால் உதட்டைத் தடவிப் பார்த்தான். கோழி இல்லை, மருந்து இல்லை, அழுகல் இல்லை.

"மண்ணு ருசி, வெர்னெல்," என்றான். "வெறும் மண்ணு."

அவள் குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தாள்.